நெல்லுக்கு வட்டம், மனுஷனுக்குச் சதுரம்: ஒரு மண் வீட்டின் முன்கதை

போன தை மாசம் ஊருக்குப் போனபோது ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். காலனியில் 1980களில் அப்பாவுக்குக் கிடைத்த தொகுப்பு வீடு இப்போது கூரை பெயர்ந்து, கம்பி தெரிய நிற்கிறது. அதற்குப் பின்னால் கொல்லையில் ஒரு சின்ன வட்ட வீடு கட்டலாம் என்பது என் திட்டம். மண் சுவர். தொகுப்பு வீட்டில் இடிந்து விழுந்த பின்சுவரின் செங்கல்லை அடித்தளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தானே புயலில் சாய்ந்த பலா மரத்தில் செய்த பழைய கதவு ஒன்று சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதையும் கேட்டு வைத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாங்க.

"என்னாடா இது, நெல்லுச் சேரு மாதிரி போட்டு வச்சிருக்க?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாங்க: "மண்ணு வூட்டுலேர்ந்து வெளிய வர எங்களுக்கு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா? நீ காசு குடுத்து உள்ள போறேங்குற."

இரண்டு கேள்விக்கும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வட்டம் என்றால் ஏன் அவங்களுக்கு வீடு ஞாபகம் வராமல் நெல் ஞாபகம் வந்தது? மண் வீடு என்பது எங்கள் பக்கத்தில் உண்மையில் என்னவாக இருந்தது? இந்த ஒரு வருஷமாக இதைத் தேடிப் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வட்டம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கணக்கு ரொம்பச் சுலபம். 40 அடி நீளத்துக்கு மட்டும் சுவர் எழுப்ப உங்களிடம் மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-க்கு 12 என்று நீள்சதுரமாகக் கட்டினால் உள்ளே 96 சதுர அடி. 10-க்கு 10 என்று சதுரமாகக் கட்டினால் 100. அதே 40 அடியை வட்டமாக வளைத்தால் 127. மண் அதேதான், உழைப்பு அதேதான், உள்ளே இடம் மட்டும் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. இது போக மண் சுவர் முதலில் விட்டுப் பிளப்பது மூலையில்தான். வட்டத்தில் மூலையே இல்லை. நேர்ச்சுவரைத் தள்ளுகிற மாதிரி வளைந்த சுவரைக் காற்றால் தள்ள முடியாது, சுற்றிக்கொண்டு போய்விடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் 'பூங்கா' என்று ஒரு வகை வீடு உண்டு. வட்டமான மண் சுவர், கூம்புக் கூரை. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கல் வீடுகளும் கான்கிரீட் கட்டடங்களும் சரிந்த இடங்களிலேயே, சரியாகப் பராமரித்த பூங்காக்கள் நிறைய தாக்குப்பிடித்தன. நமக்கு இன்னும் பக்கத்தில் ஆந்திராவின் வடக்குக் கடற்கரை இருக்கிறது. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் 'சுட்டில்லு' என்பார்கள், அதாவது சுற்று வீடு. கூரை கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருக்கும். புயல் வருகிற கரையில் மக்கள் தாங்களே கண்டுபிடித்த வடிவம் அது.

திருவனந்தபுரத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இந்த வட்டக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவிலேயே தங்கி, 2007-ல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் ஒரு சுருள் மாதிரி மேலே ஏறிப் போகும். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உடைந்த ஓடு, காலி பாட்டில் எல்லாவற்றையும் கட்டடத்துக்குள் சேர்த்துக்கொண்டார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தன் வேலைக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். என் வரைபடத்துக்கு விதை போட்டது அவர்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் புயல் வருகிறது. அப்புறம் ஏன் வட்ட வீடு இல்லை?

அம்மாவின் முதல் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் வட்டமாக நின்றது நெல். அறுவடை முடிந்ததும் வைக்கோலைப் பிரி பிரியாகத் திரித்து, அதைச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உள்ளே நெல்லைக் கொட்டி, மேலே கூம்பாக மூடினால் அது சேர். வீட்டுக்குள் சுட்ட மண் உறைகளை அடுக்கினால் குதிர். இதையே ராஜாக்கள் கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குப் போகணும். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் செங்கல்லில் கட்டிய நெற்களஞ்சியம், உருளையாக, கூம்புத் தலையோடு இன்றும் நிற்கிறது. 3,000 கலம் கொள்ளும் என்கிறார்கள். நெல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெளியே தள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க வட்டம்தான் சரி. மூலையில் பூச்சியும் ஈரமும் தங்கும் தொல்லையும் இல்லை.

ஆனால் ஆட்கள் இருந்த வீடு, நான் பார்த்த வரையில், கேட்ட வரையில், நீள்சதுரம்தான். காரணம் கூரையில் இருக்கிறது. தென்னங்கீற்றை முடைந்தால் அது நேரான பாய் மாதிரி வரும். நேரான சரிவில் வரிசையாக வைத்துக் கட்டலாம். கூம்பில் வைத்தால் மேலே போகப் போக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கனத்துவிடும். மூங்கிலோ சவுக்கோ முகட்டு மரமாகக் கிடந்தால் நேராகத்தான் கிடக்கும். குடும்பம் பெருகினால் நீள்சதுரத்தை ஒரு பக்கம் இழுத்துத் தாழ்வாரம் இறக்கலாம், வட்டத்தை இழுக்க முடியாது. வடலூரில் வள்ளலார் 1872-ல் எழுப்பிய சத்திய ஞான சபை எண்கோணம். ஆக எங்கள் மாவட்டத்துக் கணக்கு இப்படி: நெல்லுக்கு வட்டம், ஜோதிக்கு எண்கோணம், மனுஷனுக்குச் சதுரம்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பெரிய திருப்தி. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் சரி, நான் கேட்டது அது இல்லியே" என்றாங்க.

அவங்க கேட்டது இரண்டாவது கேள்வியை. அதற்குப் போக ரொம்பப் பழைய இடத்திலிருந்து தொடங்கணும்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அதில் நந்தனாரின் ஊர் கொள்ளிடக் கரைப் பக்கத்து ஆதனூர். ஊரை வர்ணித்துவிட்டு, ஊருக்கு வெளியே வயலோரத்தில் இருந்த சேரிக்கு வருகிறார். புல்லால் ஆன சின்னக் குடில்கள், பழைய கூரைகள், அந்தக் கூரை மேல் படர்ந்த பச்சைச் சுரைக்கொடி. 'குரம்பை' என்ற சொல்லை அங்கே வைக்கிறார். சிதம்பரம் வட்டாரத்து உழவுத் தொழிலாளியின் வீடு எப்படி இருந்தது என்பதற்கு இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த பழைய விவரம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. என் அம்மா பிறந்த வீட்டைப் பற்றி அவங்க சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். கூரையில் சுரைக்குப் பதில் பூசணி, அவ்வளவு வித்தியாசம். எண்ணூறு வருஷம்!

அதே வட்டாரத்தில் இன்னொரு குடிசையும் இருக்கிறது. தில்லை நடராசர் கோயிலின் சிற்சபையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மரத்தால் ஆன சுவர். மேலே வளைந்து இறங்குகிற கூரை. வடிவத்தில் அது குடிசையேதான். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கூரைக் குடிசையைக் கல்லில் செதுக்கியது மாதிரி, இது பொன்னில் வேய்ந்தது. 21,600 பொன் ஓடுகள், ஒரு நாளில் மனிதன் விடுகிற மூச்சின் எண்ணிக்கை என்று சொல்வது வழக்கு. கடவுளுக்குக் குடிசை வடிவம் பிடித்திருக்கிறது. அந்தக் குடிசையைப் பார்க்கப் புல் குடிசையிலிருந்து வந்த நந்தன் தீக்குள் இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது என்கிறது கதை. அந்த நந்தன் பெயரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

புல்லும் மண்ணும் ஏன் எண்ணூறு வருஷம் மாறவில்லை? ஏழ்மை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீடு நின்ற மண் அவர்களுடையது இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியல் போடும்போது ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தனியாக வருகிறது. குடியிருக்க இடம் உண்டு, உரிமை வேறு விஷயம். பிற்காலத்தில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரரின் மனையில் நின்றது. அவருக்குப் பிடிக்காவிட்டால் மூங்கிலையும் கீற்றையும் அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அவிழ்த்துக்கொண்டு போகிற மாதிரிதான் அதனால் கட்டினார்கள். நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் விட்டுப் போக வேண்டிய செங்கல்லை யார் வாங்கி வைப்பார்கள்?

செங்கல் இல்லாத பூமியா என்றால், அதுவும் இல்லை. சிதம்பரத்திலிருந்து மேற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே மாளிகைமேட்டில் சோழர் அரண்மனைச் செங்கல் மண்ணுக்கடியில் கிடந்தது, சுற்றுவட்டாரத்தில் காலகாலமாகத் தோண்டி எடுத்தார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலின் கருங்கல்லைப் பெயர்த்து வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். தடுக்கப் பார்த்த ஊர்க்காரர்களைத் தண்டித்ததாகவும், பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னதாகவும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. அந்த அணையிலிருந்து பிரிகிற வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும்தான் எங்கள் பக்கத்து வயலுக்கெல்லாம் தண்ணீர். பழைய கட்டடத்தைப் பிரித்துப் புதியது கட்டுவதை நான் ஏதோ புது யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சாப்பிட்ட சோறே ராஜேந்திர சோழனின் மதிற்கல்லால் விளைந்தது! ஆனால் கல்லைப் பிரித்து எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, குடிசையைப் பிரித்துக்கொண்டு போகும் கட்டாயம் யாருக்கு இருந்தது என்று பார்த்தால், இரண்டும் ஒன்றில்லை.

1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் பிப்ரவரி 28 அன்று புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் தொடங்கியது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அங்கே குடியேறியவர்கள் சவுக்குக் கழியும் கீற்றும் வைத்து விதவிதமான குடிசைகள் கட்டி வாழ்ந்தார்கள். உலகமே வந்து படம் எடுத்தது. அதே 1968, டிசம்பர் 25. தெற்கே கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தபோது வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். இரண்டு இடத்துக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். நடுவில்தான் சிதம்பரம். இரண்டு குடிசைக்கும் பொருள் ஒன்றுதான்.

எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் 1987 செப்டம்பர் சாலை மறியல் கலவரத்தின்போதும் எரிந்தது சேரிக் குடிசைகள்தான். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைக் கொண்டுபோன தீ, பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ. அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடங்களில் கூரைக் கொட்டகை கூடாது என்று அரசு கெடுபிடி செய்தது. இயற்கைப் பொருள், இயற்கைப் பொருள் என்று நான் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. கான்கிரீட் அவங்களுக்கு அழகு பற்றிய விஷயமே இல்லை. தீப்பெட்டியால் ஒன்றும் பண்ண முடியாத வீடு, அவ்வளவுதான்.

1971-ல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சொந்தம் என்று சொன்ன சட்டம். 1974-ல் தாட்கோ. அப்புறம் தொகுப்பு வீடுகள். 2010-ல் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவோம் என்று கலைஞர் வீட்டு வசதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, குடிசைக் கூரைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. எங்கள் தொகுப்பு வீடு நின்றது. பக்கத்துக் கூரை வீட்டுக்காரர்கள் பதினெட்டு பேர் அன்றைக்கு எங்கள் ஒரே அறையில்தான் இருந்தார்கள். அந்த வீட்டைத்தான் நான் 'வெயிலில் சூளை மாதிரி கொதிக்குது' என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

குறை உண்மைதான், அதையும் சொல்லணும். மே மாதத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கும் அந்தத் தளம் சூடு கக்கும். அம்மாவே வாசலில்தான் படுப்பாங்க. முப்பது வருஷத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுகிறது. பழுது பார்க்கக் கொத்தனார் வேண்டும், சிமெண்ட் வேண்டும், காசு வேண்டும். மண் சுவரில் விரிசல் விட்டால் வீட்டுப் பெண்களே ஒரு கூடை மண்ணும் சாணியும் வைத்து அன்றைக்கே சரி பண்ணிவிடுவார்கள்.

மண்ணுக்கும் எல்லை உண்டு. வட்டம் காற்றை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது கடலூர் மாவட்டமே மிதந்தது. அடியில் ஈரம் ஏறினால் எந்த மண் சுவரும் உட்கார்ந்துவிடும், அது வட்டமோ சதுரமோ. அதனால் இடுப்பு உயரம் வரை செங்கல், அதற்கு மேல்தான் மண். கூரை இரண்டடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீற்று வேண்டாம் என்று முடிவு செய்தேன், நாட்டு ஓடு. ஓடு கூம்பில் சரியாக உட்காராது என்பதால் சுவர் வட்டம், கூரை மட்டும் எட்டுப் பட்டை. வடலூர்க் கணக்கு இங்கே உதவியது.

போன மாசம் இந்தத் திருத்திய வரைபடத்தோடு போனேன். கொல்லையில் குச்சி நட்டு, எட்டடிக் கயிறு கட்டி, வட்டம் போட்டேன். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் தோண்டி வைத்திருந்த மண்ணில் ஒரு கை அள்ளித் தண்ணீர் விட்டுப் பிசைந்தாங்க. விரல் தடிமனுக்குத் திரித்து, விரலில் சுற்றிப் பார்த்தாங்க. உடையவில்லை.

"இது களிடா. காஞ்சா வெடிக்கும். வாய்க்கா மணலு கலக்கணும், வைக்கோல நறுக்கிப் போட்டு ரெண்டு நாளு ஊற வச்சி மிதிக்கணும். பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணுன்னா அப்பிடியே வைக்கலாம். ஒரு மொழத்துக்கு மேல ஒரே நாள்ல ஏத்தாத."

நான் மூன்று புத்தகத்தில் படித்ததை அவங்க ஒரு நிமிஷத்தில் சொல்லிட்டாங்க. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த வேலையை யார் பெருமையாகச் சொல்வார்கள்?

"அப்ப கட்டலாமாம்மா?"

"கட்டேன். பட்டா எம் பேருல இருக்கு. மண்ணுல கட்டு, கல்லுல கட்டு, எழும்புன்னு சொல்ல எவனும் வர முடியாது. ஆனா முன்னாடி வூட்டு மேல கைய வைக்காத. அதைச் சரி பண்ணிட்டு இதைக் கட்டு."

அதன்படி முதலில் தொகுப்பு வீட்டுக் கூரைக்கு வேலை நடக்கிறது. சேமித்திருந்த காசில் பாதி அதற்கே போய்விட்டது. மண் வேலை அறுவடை முடிந்து பங்குனியில் தொடங்கும், வைக்கோலும் அப்போதுதான் கிடைக்கும்.

ஒரே ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. வட்டத்துக்குள் நின்றுகொண்டு அம்மா கேட்டாங்க, "பீரோவை எங்கடா வைப்ப? சொவத்தோட ஒட்டாதே?"

இதற்கு லாரி பேக்கரிடமும் தேடிவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.